அடங்கிய இருமல்

நம் பள்ளிக்கூடத்துப் பழைய கூட்டத்தின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள். "உங்கம்மா ஒரு இருமல் கஷாயம் போடுவாங்களே, அது எப்படின்னு எழுதேன். பேரனுக்கு இருமல் விடவே மாட்டேங்குது." அதன் கீழே இன்னும் சிலர், எங்களுக்கும் வேண்டும் என்று கை தூக்கியிருந்தீர்கள்.

சரி, முதலில் செய்முறை. ஆடாதோடை இலை வேண்டும். முற்றலும் கூடாது, கொழுந்தும் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, நடு நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, கையால் கிழித்துப் போட வேண்டும். கத்தி படக் கூடாது என்பாள் அம்மா. ஏன் என்று கேட்டால், "அப்பிடித்தான்" என்பதுதான் பதில். மிளகையும் திப்பிலியையும் வெறும் சட்டியில் வறுத்து அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளவும். அதிமதுரம் ஒரு துண்டு, சித்தரத்தை ஒரு துண்டு. எல்லாவற்றையும் மண்சட்டியில் கொதிக்கவிட்டு, தண்ணீர் கால் பங்காக வற்றியதும் வடிகட்டிப் பனைவெல்லம் சேர்த்துச் சூடாகக் குடிக்க வேண்டும். முதல் வாய் கசப்பில் காது வரை சிலிர்க்கும். அப்புறம் அதிமதுரத்தின் இனிப்பு தொண்டையின் அடியிலிருந்து மெதுவாக மேலே வரும்.

செய்முறை அவ்வளவுதான். அதை எழுதி முடித்ததும் கை நின்றுவிட்டது. ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் வீடே அந்தக் கஷாய வாசத்தில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் கொடுத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. நமக்கும் வயதாகிவிட்டது. பிறகு யாரிடம் சொல்வது?

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் கிடங்கல் பக்கம் குடியிருந்தோம். நீளமான ஒரு ஓட்டு வீடு, நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியது. ஒரு பாதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மறு பாதியில் வீட்டுக்காரம்மாவும் அவர் மகளும். வீட்டுக்காரம்மாவின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகன் பம்பாயில் வேலையில் இருந்தான். மகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் என் அம்மாவை அத்தை என்பாள். சடை பின்னிவிடுவாள், பாவாடைக்கு நாடா கோத்துத் தருவாள். கடைக்குப் போனால் எனக்குத் தேன்மிட்டாய் வாங்காமல் திரும்ப மாட்டாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அதனால் அவள்தான் எனக்கு எல்லாம்.

அப்பாவுக்கு மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை எடை போடும் வேலை. சாயங்காலம் வரும்போது புருவம், காது மடல், மூக்கு நுனி எல்லாம் செம்மண் தூசாக இருக்கும். தூசு இருமல் வருடம் முழுக்க இருந்தது. அம்மா கஷாயத்தில் கை தேர்ந்தது அப்பாவுக்காகத்தான். அப்பாவோடு வேலை செய்யும் மூட்டை தூக்குகிறவர்களும் சில நாள் வாசலில் வந்து நின்று ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை உண்டு. அவள் கையால் எதையும் சரி செய்துவிட முடியும் என்று அவளே நம்பிய காலம் அது.

அந்த வருடம் கார்த்திகை மழையில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. லேசில் போகிற இருமல் இல்லை, வயிற்றை இழுத்துப் பிடிக்கிற இருமல். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், சுவரோரம் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். அப்பா வேலைக்குப் போய்விடுவார், அம்மா அடுப்பங்கரையில் இருப்பாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கண்ணாடி ஓடு பதித்த இடத்திலிருந்து வெயில் கட்டம் ஒன்று தரையில் மெதுவாக நகரும்.

அப்படிக் கிடந்த ஒரு காலையில் நான் இருமினேன். சுவர் திரும்ப இருமியது.

முதலில் எதிரொலி என்றுதான் நினைத்தேன். சும்மா ஒரு முறை இருமிப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறை. நான் இரண்டு முறை இருமினேன். அங்கிருந்தும் இரண்டு முறை வந்தது. எனக்குப் பயம் வரவில்லை. விளையாட ஆள் கிடைத்த சந்தோஷம்தான் வந்தது. ஆனால் என் இருமல் காய்ந்த இருமல். அந்த இருமல் ஈரமானது. சில நேரம் விளையாட்டை மறந்து அதுபாட்டுக்கு நீண்டுகொண்டே போகும். அப்போது நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு அது முடியக் காத்திருப்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் அவுங்க சாமான் ரூம்பு. அங்க யாருடி இருக்கறா? சொரத்துல என்னா என்னாவோ பேசற."

சாயங்காலம் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் ஓதி ஊதிக்கொள்ளக் குழந்தைகளோடு பெண்கள் நிற்கும் வரிசையில் நாங்களும் நின்றோம். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் என் முகத்தில் ஊதினார். அவர் வாயில் கிராம்பு வாசம் வந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் அம்மா வீட்டுக்காரம்மாவிடம் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முகம் சட்டென்று வெளுத்தது. உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்துச் சுவருக்குச் சூடம் காட்டிவிட்டு, "எங்கூட்டுக்காரரு தான்மா. கடைசில இருமிக்கினே தான போய்ச் சேந்தாரு. கொயந்தய வேற பக்கம் படுக்க வையி" என்றார்.

அன்றே என் பாய் வாசல் பக்கம் போனது. உயிரோடு இருக்கிற ஒருத்தியை மறைக்க, செத்துப்போன கணவரையே ஒரு பெண் ஆவியாக்கினார் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

ஆடாதோடைச் செடி இருந்தது வீட்டுக்காரம்மாவின் பக்கத்துக் கொல்லையில், கிணற்றை ஒட்டி. கொஞ்ச நாள் கழித்து இலை பறிக்க அம்மா போனபோது நானும் கூடவே போனேன். பின்பக்கத்து அறைக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. எப்போதும் சாத்தியிருக்கும். அன்றைக்கு அதன் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

"யக்கா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தக் கஷாயம் எனக்கும் ஒரு வாய் தர்றியா? வாசம் இங்க வரைக்கும் வருது."

அம்மா கையிலிருந்த இலைகள் கீழே விழுந்தன. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்தது. உள்ளே ஒரு முகம் தெரிந்தது. வீட்டுக்காரம்மாவின் மருமகள். அக்காவும் நானும் அண்ணி என்போம். மரக்காணத்துப் பெண். அவர் அண்ணனுக்கு அங்கே உப்பளத்தில் வேலை. கல்யாணமாகி வந்து சில மாதத்திலேயே புருஷன் பம்பாய் போய்விட்டான். மழைக்கு முன்பே அண்ணி தாய் வீட்டுக்குப் போய்விட்டதாகத்தான் தெரு முழுக்கப் பேச்சு. வீட்டுக்காரம்மாவே சொல்லியிருந்தார்.

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த அக்கா எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கிண்ணத்தைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. தை மாசம் என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. நெஞ்சு சீக்கு இருக்கிற ஊடுன்னு தெரிஞ்சா எவன் வருவான்? அது முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்னு எங்கம்மா சொல்லிக்கீது. நானும் தெனம் கேட்டுக்கினு தான் இருக்கேன்."

"அது வரைக்கும் இதுக்குள்ளயேவா?"

"நான் பாத்துக்கறேன் அத்தை. சோறு தண்ணி எல்லாம் நான் தான் குடுக்கறேன்."

அம்மா அன்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா தட்டிலிருந்து தலை நிமிராமல், "வாடகைக்குக் குடியிருக்கறோம். அவுங்க ஊட்டுப் பேஜாரு நமக்கு எதுக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாவம் தான்" என்றார்.

அப்பா பயப்படுகிறவர். அம்மாவால் சும்மா இருக்க முடியாது. யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மிச்சமிருந்தது அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. சட்டி பெரிதானது. காலையும் மாலையும் எவர்சில்வர் சொம்பில் கஷாயத்தை ஊற்றி, அக்காவிடம் கொல்லை வழியாகக் கொடுப்பாள். தூதுவளை ரசம் வைத்தால் அதிலும் ஒரு பங்கு அந்தப் பக்கம் போகும். ஓமவல்லி இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து, தேன் கலந்து கொடுத்தனுப்புவாள். என் இருமல் நின்று நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அடுப்பில் அந்தச் சட்டி இறங்கவில்லை. என் புத்தகப்பையில்கூட அந்த வாசம் இருக்கிறது என்று உங்களில் ஒருத்தி கிண்டல் செய்தாள். ஞாபகம் இருக்கிறதா?

மருந்து வேலை செய்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து இருமல் நாளுக்கு நாள் குறைந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் போய்ச் சுவரில் காது வைத்து ஒரு முறை இருமிப் பார்ப்பேன். பதில் வராது. எனக்கு வருத்தமாக இருந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா, எப்பிடி அடங்கிடுச்சி பாரு" என்று அப்பாவிடம் சொன்னாள்.

வீட்டுக்காரம்மாவுக்கும் விஷயம் தெரிந்துபோயிருந்தது. கோபப்படவில்லை. ஒருநாள் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சு எழவில்லை. இருமல்தான் இல்லையே, இனி அவசரம் என்ன? அக்கா கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

இப்போது யோசிக்கும்போதுதான் புரிகிறது. அடங்கியது நோய் இல்லை, சத்தம்தான். பூட்டிய அறைக்குள்ளிருந்து வெளியே வரக்கூடியதாக அண்ணியிடம் இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். அதையும் அம்மா வெல்லமும் தேனும் போட்டு அன்போடு அடக்கிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்தது. பெண் பார்க்கும் நாளன்று காலையிலிருந்தே அந்தப் பக்கம் ஒரே பரபரப்பு. விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கேசரிக்கு நெய் காயும் வாசம் தெருமுனை வரை வந்தது. அக்காவுக்கு அரக்குக் கலர்ப் பட்டு. நான்தான் பூ எடுத்துக் கொடுத்தேன். வளையலைப் போடும்போது அவள் கை சில்லென்று இருந்தது.

அக்காவால் அன்று கஷாயம் கொண்டுபோக முடியாது. அம்மாவே சொம்போடு கொல்லைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். வழக்கத்தைவிடக் கெட்டியாக இறக்கிய கஷாயம், கறுப்பாக இருந்தது.

ஜன்னல் திறந்தது. அண்ணி சொம்பைப் பார்த்தார், வாங்கவில்லை.

"இன்னிக்கி வேணாம்க்கா."

"என்னாம்மா இது? இன்னிக்குன்னு பாத்து வேணாம்ங்கற? குடி. இன்னிக்கி தான முக்கியம்."

"எனக்கும் இன்னிக்கி தான்க்கா முக்கியம்."

அம்மாவுக்குப் புரியவில்லை. சொம்பை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினாள். அண்ணி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். பிறகு கம்பிக்கு வெளியே நீட்டி, அவ்வளவையும் சுவரோரம் மெதுவாக ஊற்றினார். வெறும் சொம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "கோச்சிக்காதக்கா. நீ எனக்கு ரொம்பச் செஞ்சிட்ட" என்றார்.

அம்மா அங்கேயே நின்றாள். அப்போது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு எட்டு வைத்தால் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தாமல், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கூடத்தில் பேச்சு கேட்டது, சிரிப்பு கேட்டது. யாரோ நெல் விலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு எல்லோரும் ஒரேயடியாக மௌனமானார்கள். அக்கா தட்டோடு வந்திருப்பாள். அந்த மௌனத்தில்தான் அது ஆரம்பித்தது.

முதலில் ஒன்று, லேசாக. அப்புறம் நிற்கவே இல்லை. அது எனக்குப் பழக்கமான இருமல் இல்லை. நெஞ்சையே பெயர்த்து எடுத்துக்கொண்டு வருவதைப் போல, மூச்சுக்கு மூச்சு பெரிதாகி, நடுநடுவே விசில் மாதிரி இழுத்து, மறுபடி ஆரம்பிக்கும். அம்மா என் காதைப் பொத்தினாள். பொத்தியும் கேட்டது.

"உள்ள யாருங்க?" என்று ஒரு பெண் குரல்.

"வேலக்காரிங்க. மழைல நனஞ்சிட்டா" என்றார் வீட்டுக்காரம்மா.

"மழ உட்டு ஒரு மாசமாச்சே." இது வயதான ஆண் குரல். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பின் அறையின் தாழ்ப்பாள் விலகியது. பிறகு யாரும் யாரோடும் பேசவில்லை. வாசலில் செருப்புகள் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. கேசரித் தட்டுகள் அப்படியே கிடந்ததை நான் பிறகு பார்த்தேன். ஓரத்தில் நெய் உறைந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரம்மா கூடத்துத் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அக்கா பட்டுப்புடவையோடு பின் அறைக்குள் போய், தரையில் உட்கார்ந்து, அண்ணியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். அந்த அரக்குக் கலரில் எதுவும் தெரியவில்லை.

அப்பா மத்தியானம் வேலையிலிருந்து வந்தார். அம்மா சொல்லச் சொல்ல நின்றபடியே கேட்டார். பிறகு கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மரக்காணத்துக்கு. அந்தப் பொண்ணோட அண்ணங்கிட்ட யாராச்சும் போய்ச் சொல்ல வேணாமா?"

பேஜாரு எதற்கு என்று கேட்ட மனுஷன் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் அண்ணியின் அண்ணன் ஒரு வேனோடு வந்தார். வெயிலில் கறுத்து, கணுக்காலில் உப்பு பூத்த மனிதர். யாரையும் திட்டவில்லை. தங்கையைத் துணி மூட்டை போலத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வெயில் பட்டதும் அண்ணி கண்ணை இறுக்கிக்கொண்டார். என்னைத் தாண்டும்போது திறந்து பார்த்து, "நீ தான் சொவத்துக்கு அந்தப்பக்கம் இருந்தவளா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காசநோய். பல மாதம் ஊசியும் மாத்திரையுமாக அங்கேயே இருந்தார் என்று அப்பா வழியாகத் தெரிந்தது. எங்களுக்கும் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. வீட்டுக்காரம்மா எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நாங்கள் மரக்காணம் ரோட்டுப் பக்கம் வேறு வீட்டுக்குப் போனோம். அங்கே ஆடாதோடை இல்லை. அம்மா தேடவும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால், வீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். தோள் எலும்பு கன்னத்தில் குத்தியது. என்னை மெதுவாக விலக்கி உட்கார வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கஷாயம் போட்டுக் குடுங்க அத்தை. விழுப்புரத்துலருந்தே வேற ஒரு எடம் வந்துக்கீது. வெள்ளிக்கெழம பாக்க வர்றாங்க. அன்னிக்கி ஒரு நாளு அடங்குனா போதும்."

"எத்தினி நாளா இருமற?"

"மழ புடிச்சதுலருந்து."

"சாயங்காலத்துல சொரம் அடிக்குதா?"

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கஷாயம் தர மாட்டேன்" என்றாள் அம்மா. "எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போவலாம். நான் கூட வர்றேன்."

"அங்க வரிசைல நிக்கறது பாதி நம்ம தெரு ஜனம் தான் அத்தை. இன்னிக்கிப் போனா இன்னிக்கே ஊருக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்."

"நீங்க சுளுவா சொல்லிட்டீங்க. போன தடவ தெரிஞ்சதுல யாரு கல்யாணம் நின்னுச்சி?"

அம்மா எழுந்து போய் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். அணைக்க வேண்டிய அவசியமே இல்லை. "ஒருத்திக்குக் குடுத்து நான் பட்டது போதும். இந்தக் கையால இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள். குரல் கோபமாக இருந்தது. அது கோபம் இல்லை, பயம். ஆனால் அக்காவுக்குக் கோபமாகத்தான் கேட்டிருக்கும்.

"அண்ணிக்கு மட்டும் சட்டி சட்டியா குடுத்தீங்களே" என்றாள் அக்கா. குடையை எடுத்துக்கொண்டாள். என் தலையைத் தடவிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனாள். அம்மா வாசல் வரை ஓடி, "நாளைக்குக் காலைல வா, நான் ரெடியா இருக்கறேன்" என்று கத்தினாள். மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அக்கா வரவில்லை.

கல்யாணம் நடந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த வருடம் மார்கழியில் அக்கா விழுப்புரத்தில் இறந்துபோனாள் என்று செய்தி வந்தது.

பாசஞ்சர் ரயிலில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ரயிலடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வாசலுக்குப் போகும் முன்பே அம்மா நின்றுவிட்டாள். எனக்கும் தெரிந்தது. ஊதுவத்தி, மாலை, இவற்றுக்கெல்லாம் அடியில் ஆடாதோடைக் கஷாயத்தின் வாசம். பின்கட்டில் ஒரு மண்சட்டி கழுவாமல் கிடந்தது. அம்மா செய்வதைப் பார்த்து அக்கா நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள். சாதாரணச் சளி என்று கடைசி வரை சொல்லிக்கொண்டு, தானே காய்ச்சித் தானே குடித்திருக்கிறாள். அவள் புருஷன் ஒரு மூலையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், "சத்தமே கேக்கலீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் தலைமாட்டில் ஒரு பெண் விழுந்து அழுதுகொண்டிருந்தார். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, அண்ணி. கன்னம் நிறைந்து, உடம்பு தேறி, அடையாளமே தெரியவில்லை. "எனக்குச் சோறு போட்டவளாச்சே, எனக்குச் சோறு போட்டவளாச்சே" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்காரம்மா அம்மாவைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்தார். நான் கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று நினைத்தேன். அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் கேட்டார்.

"அவளுக்கு ஊத்தி ஊத்திப் பொழைக்க வெச்சியே. எம்பொண்ணு உன் வாசல் தேடி வந்தாளே. ஒரு டம்ளர் குடுத்திருந்தா பொழச்சிருப்பாளே. ஏண்டி குடுக்கல?"

அண்ணி ஓடிவந்தார். "அது கஷாயம் இல்ல அத்தை. ஊசி. மாசக்கணக்கா ஊசி போட்டாங்க எனக்கு" என்று அழுதார். வீட்டுக்காரம்மா காதில் அது விழவே இல்லை. இறக்கும் வரை அவர் அதைத்தான் நம்பினார். திண்டிவனத்தில் பாதித் தெருவும் அதையே நம்பியது. அம்மா ஒரு நாளும் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

திரும்பி வரும்போது அண்ணியும் எங்களோடு அதே ரயிலில் வந்தார். திண்டிவனத்தில் இறங்கி அவர் மரக்காணத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். விக்கிரவாண்டி, பேரணி ஸ்டேஷன்கள் தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"குடுத்திருக்கணும்."

"என்னாக்கா பேசற? அதுல ஒண்ணும் இல்லன்னு உனக்கே தெரியும்."

"மருந்துன்னு சொல்லல. கஷாயத்தக் குடுத்து ஒக்கார வெச்சிருந்தா, அவ குடிச்சி முடிக்கிற வரைக்கும் பேசியிருக்கலாம். நாளைக்கும் வந்திருப்பா. நாளைக்கழிச்சும் வந்திருப்பா. எப்பயாச்சும் ஒரு நாளு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருப்பேன். நான் வெறுங்கையோட அனுப்பிட்டேன்."

அண்ணி அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மயிலத்தில் ஒரு வியாபாரி ஏறினார். கூடையில் வேகவைத்த மல்லாட்டை, சூடு ஆறாமல் ஆவி வந்துகொண்டிருந்தது. எங்கள் பெட்டியின் கதவோரம் கூடையை இறக்கிவிட்டு இருமினார். சாதாரணமாகத்தான் இருமினார். அம்மாவும் அண்ணியும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். அம்மா எழுந்து, ஆடுகிற ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"எத்தினி நாளா இருமறீங்க?"

அவர் சிரித்தார். "அது கெடக்குதும்மா, வெறும் தூசு. எத்தினி படி வேணும்?"

"ஆஸ்பத்திரில காட்டுனீங்களா?"

"நமக்கு எங்கம்மா நேரம்?"

"நாளைக்குக் காலைல திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வாங்க. நானே கூட இருந்து காட்டறேன். வாசக் கேட்டுலயே நிக்கறேன். வருவீங்களா?"

"சரிம்மா, சரிம்மா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கம் நகர்ந்தார்.

மறுநாள் அம்மா விடிந்ததும் குளித்து, தூக்குவாளியில் கஷாயம் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். இலைக்கு எங்கே போனாளோ தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும் வழியில் பார்த்தேன். ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில், வெயிலில், தூக்குவாளியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஆள் வரவில்லை.

அதற்கு அடுத்த நாளும் போனாள்.